கடைசி வள்ளமும் பாதிப் படமும்

(நயினாதீவில், வாசிகசாலை மண்டபமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணத்துப் பழைய தியேட்டர்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருந்தார்கள். அதைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். ரீகல், வெலிங்டன், வின்சர், ராணி, ராஜா, மனோகரா, ஸ்ரீதர், லிடோ என்று பெயர்களை வரிசையாகச் சொல்லி, எந்தப் படம் எங்கே எத்தனை நாள் ஓடியது என்று கணக்குக் காட்டுவார்கள். வாசிக்க எனக்கும் விருப்பம்தான். ஆனால் அந்தக் கணக்குகளில் நாங்கள் இல்லை. கடல் தாண்டி வந்து கலரி வாங்கில் நெருக்கியடித்து இருந்து, படம் முடிய முன்னமே எழும்பி ஓடிய தீவுச் சனம் அந்த எழுத்துகளில் ஓரிடத்திலும் தென்படவில்லை. ஆகையால் இன்றைக்கு நான் பேசப்போவது தியேட்டர் இல்லாத ஊர்க்காரரின் சினிமாவைப் பற்றி.

முதலில் நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இது விளங்கினால்தான் மற்றதெல்லாம் விளங்கும். நான் சொல்லுவது எழுபதுகளின் நடுப்பகுதி. இங்கிருந்து குறிகட்டுவானுக்கு மோட்டர் வள்ளம். அங்கே இறங்கி பஸ் பிடித்தால் புங்குடுதீவு, வாணர் பாலம், வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, பிறகு பண்ணைப் பாலம் ஏறி யாழ்ப்பாண பஸ் நிலையம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். மாட்னி இரண்டரைக்கு. விளம்பரம், செய்திப்படம் எல்லாம் காட்டி முடித்துப் படம் தொடங்க மூன்று மணியாகிவிடும். அந்தக் காலத்துத் தமிழ்ப் படம் மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாது. கடைசி வள்ளமோ பொழுதுபட முன்னம் குறிகட்டுவானை விட்டுவிடும். அதைப் பிடிக்க வேண்டுமானால் படம் முடிய முன்னமே பஸ்ஸில் ஏறியே ஆகவேண்டும். அதாவது இடைவேளை முடிந்து ஒரு பாட்டு, மிஞ்சினால் ஒரு சண்டை, அவ்வளவுதான் எங்கள் பங்கு. ஆறரைக் காட்சி, ஒன்பதரைக் காட்சி என்பவை பட்டினத்தாருக்கு உரியவை.

நெடுந்தீவாருக்கு இதுவும் இல்லை. அங்கிருந்து குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலக் கடல். வாடைக் காலத்தில் வள்ளம் விடுமா விடாதா என்று கரையில் நின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டும். படம் பார்ப்பதென்றால் வண்ணார்பண்ணையிலோ கொக்குவிலிலோ சொந்தக்காரர் வீட்டில் இராத் தங்க வேண்டும். ஊர்காவற்றுறை, வேலணை ஆட்கள் கொடுத்துவைத்தவர்கள், பாலத்தால் போய்ப் பாலத்தால் வரலாம். காரைநகரார் ஊர்காவற்றுறைக்கு வரப் பாதை என்கிற மிதவையில் ஏறுவார்கள். பட்டினத்துக்குப் போக அவர்களுக்குப் பொன்னாலைப் பாலம் இருந்தது. ஒரே தீவகம் என்றாலும் சினிமா பார்ப்பதில் எங்களுக்குள் எத்தனை படி என்று பாருங்கள்.

படம் பார்க்கவென்று மட்டும் வெளிக்கிட்டுப் போன குடும்பம் இங்கே குறைவு. ஆசுபத்திரியில் ஆளைப் பார்க்க, காணி வழக்குக்கு, கலியாணத்துக்குச் சீலை எடுக்க என்று ஒரு காரணம் முன்னுக்கு இருக்கும். அந்த அலுவல் பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிட்டால் பிள்ளைகளின் முகம் பெரியவர்களின் முகத்தையே பார்த்தபடி இருக்கும். கட்டிக்கொண்டு வந்த பிட்டை எங்கேயாவது நிழலில் இருந்து சாப்பிட்டுவிட்டு, என் பெரியப்பா வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி, நடவுங்கோ" என்பார். எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. கோட்டைப் பக்கத்து ரீகலில் பெரும்பாலும் இங்கிலீசுப் படம் என்பதால் அந்தப் பக்கம் கால் போகாது.

கலரி என்பது திரைக்கு ஆக முன்னுக்கு, சாய்மானம் இல்லாத நீள வாங்குகள். நிமிர்ந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து நோகும். காலுக்கடியில் கச்சான் கோது நெரிபடும். பீடிப் புகை வெளிச்சக் கற்றைக்குள் புகுந்து நீலமாய்ச் சுழலும். பெரியப்பா இடைவேளை வரைக்கும் எங்களைப்போலப் படத்துக்குள்ளேயே இருப்பார். இடைவேளைக்குப் பிறகு அவருடைய கை மாறிவிடும். திரையில் பகல் காட்சி வரக் காத்திருந்து, அந்த வெளிச்சத்தில் மணிக்கூட்டைத் திருப்பிப் பார்ப்பார். இராக் காட்சி தொடர்ந்து வந்தால் மணி பார்க்க ஏலாது; எங்களுக்கு அது லாபம். கடைசியில் தோளில் ஒரு தட்டு விழும். "எழும்புங்கோ, பஸ் போயிடும்." வாங்குக்கும் வாங்குக்கும் இடையால் ஆட்களின் முழங்காலை உரசிக்கொண்டு, முகத்தைத் திரைக்கும் முதுகை வாசலுக்கும் கொடுத்துப் பின்பக்கமாகவே நடந்து வெளியே வருவோம். கதவு சாத்தின பிறகும் சுவருக்குள்ளால் வசனம் கேட்கும். கதாநாயகன் சிறைக்குள் இருப்பான், தாய் கோயில் வாசலில் விழுந்து கிடப்பாள், நாங்கள் பஸ் நிலையத்துக்கு ஓடிக்கொண்டிருப்போம்.

பாட்டுப் புத்தகமும் எங்களுக்கு உதவி செய்யவில்லை. தியேட்டர் வாசலில் விற்கிற அந்த மெல்லிய புத்தகத்தில் கதைச் சுருக்கம் என்று ஒரு பக்கம் இருக்கும். சிக்கல் முற்றுகிற இடம் வரைக்கும் சொல்லிவிட்டு, மிகுதியை வெண்திரையில் காண்க என்று முடித்துவிடுவார்கள். வெண்திரையில் காணக் கொடுத்துவைக்காத பிள்ளைகளுக்கு அந்த வரி எவ்வளவு கொடுமை என்று அச்சடித்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வள்ளத்தில் வரும்போது கடல் தெறித்து அட்டைச் சாயம் கையில் ஒட்டும். அதைக் கழுவாமல் அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் உண்டு.

அப்படியென்றால் முடிவு எங்களுக்கு எப்படிக் கிடைத்தது? வள்ளத்தில்தான் கிடைத்தது. நான் பேச வந்ததன் நடுப்பகுதியே இதுதான்.

எங்கள் தீவு ஆண்களில் பலர் கடைகளில் வேலை செய்தவர்கள். யாழ்ப்பாணத்தில், கொழும்பில், தென்பகுதிச் சிறு பட்டினங்களில் எல்லாம் தீவுக்காரர் கடை இருந்தது. பட்டினத்துக் கடையில் நிற்கிற இளந்தாரிகள் கடை பூட்டின பிறகு ஒன்பதரைக் காட்சிக்குப் போவார்கள், முழுப்படம் பார்ப்பார்கள். அவர்கள் ஊருக்கு வருகிற நாளில் அந்த வள்ளத்தில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. அவர்களில் ஒருவர் இருந்தார். பேர் சொல்ல விரும்பவில்லை, அவருடைய பிள்ளைகள் இப்போது வெளிநாட்டில். எஞ்சின் பெட்டி மேல் ஏறி இருந்துகொள்வார். எஞ்சின் இரைச்சலுக்கு மேலால் கேட்க வேண்டுமென்பதால் அவர் கதை சொல்லுவதில் ஒரு தாளம் உண்டு. வசனத்தை அடித்தொண்டையால் எறிவார். பாட்டு வருகிற இடத்தில் முதலடியை மட்டும் மெல்லிதாய் இழுத்துவிட்டு விட்டுவிடுவார், மிச்சத்தை வள்ளத்தில் உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சண்டைக் காட்சியில் எழும்பி நிற்க ஏலாது, வள்ளம் ஆடும். ஆகவே சண்டை முழுவதும் தோளாலும் புருவத்தாலும்தான். இன்றைக்கும் எந்தப் படத்திலாவது சண்டை வந்தால் எனக்கு அவருடைய புருவம்தான் நினைவுக்கு வருகிறது.

உள்ளே பெண்கள் இருப்பார்கள். அவர்கள் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அல்லர். ஒரு படத்தில் தாய் பாத்திரம் கடைசியில் செத்துப்போகிறது. அவர் அந்த இடத்தை நெருங்கும்போதே உள்ளேயிருந்து ஓர் ஆச்சி குரல் கொடுத்தா: "அந்தத் தாயைச் சாகவிடாதை மோனை, பிள்ளையின்ரை முகத்தைப் பாக்கட்டும்." அவர் ஒரு கணம் யோசித்தார். தாய் கண் திறந்தாள். மகன் வந்து சேர்ந்தான். வள்ளம் கரைக்கு வந்து கயிறு கட்டின பிறகும் ஒருவரும் இறங்கவில்லை. அந்தப் படத்தை நான் பல வருடங்களுக்குப் பிறகு கொழும்பில் தொலைக்காட்சியில் கடைசி வரைக்கும் பார்த்தேன். அதில் தாய் செத்துத்தான் போனாள். ஆனால் நயினாதீவில் அவள் சாகவில்லை. அந்த வள்ளத்தில் வந்தவர்கள் யாரைக் கேட்டாலும் மகன் வந்து சேர்ந்தான் என்றுதான் சொல்லுவார்கள்.

இதை வெறும் ஊர்க்கதை என்று ஒதுக்கிவிடக்கூடாது. ஜப்பானில் பேசாப்படக் காலத்தில் பென்ஷி என்று கதைசொல்லிகள் இருந்தார்கள். திரைக்குப் பக்கத்தில் நின்று பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்துக் கதையை நடத்திச் செல்வது அவர்கள் தொழில். நடிகரைவிடப் பென்ஷியின் பெயருக்காகவே சனம் வந்த காலம் உண்டு. அகிரா குரோசாவாவின் தமையன் ஒரு பென்ஷி. ஜப்பானின் திரைப்பட வரலாற்றை எழுதுகிறவர்கள் அவர்களை விட்டுவிட்டு எழுதுவதில்லை. எங்கள் கதைசொல்லிக்குப் பக்கத்தில் திரைகூட இல்லை, சுற்றிவரக் கடல் மட்டும்தான். அவரையும் எங்கள் சினிமா வரலாற்றில் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு குரல், இலங்கை வானொலி. வர்த்தக சேவையில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா 'திரைவிருந்து' தொடங்கினால் இந்த ஒழுங்கையில் நடந்து போகிறவருக்கு ஒரு வரியும் தப்பாது, வீட்டுக்கு வீடு அதே குரல். ஒலிச்சித்திரம் என்று படத்தின் வசனத்தைச் சுருக்கிப் போடுவார்கள். என் ஆச்சி தன் சீவியத்தில் தியேட்டர் வாசல் மிதித்ததில்லை. நெல்லுக் குத்திக்கொண்டே எந்த வசனம் எந்த நடிகர் என்று சொல்லிவிடுவா. சிவாஜி எப்படி இருப்பார் என்று அவவுக்குத் தெரியாது. எப்படி அழுவார் என்று தெரியும்.

தீவுக்குள்ளேயே படம் வந்ததும் உண்டு. அரசாங்கத் திரைப்படப் பிரிவு 1948இல் தொடங்கப்பட்டது. ஊரூராகப் படம் கொண்டுபோய்க் காட்டுவதும் அந்தக் காலத்து அரசாங்க வழக்கம். பதினாறு மில்லிமீற்றர் புரொஜெக்டர், ஒரு ஜெனரேட்டர், ஒரு வெள்ளைத் துணி. நுளம்பு எப்படிப் பெருகும், கிணற்றை எப்படி மூட வேண்டும் என்கிற படங்கள்தான். பள்ளிக்கூட முற்றத்தில் துணியைக் கட்டுவார்கள். ஆனி மாதம் என்றால் சோளகக் காற்று விடாது. துணி முன்னுக்கு வயிறு தள்ளும், பின்னுக்கு ஒட்டிப்போகும். நுளம்பு பூதம்போலப் பெருத்துத் திடீரென்று ஈர்க்குப்போல மெலியும். சின்னப் பிள்ளைகள் அலறுவோம். நாலு பெரியவர்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு படம் முடியும்வரை நிற்பார்கள். அவர்கள் நால்வரும் படம் பார்த்ததில்லை.

இனி வேறொரு பக்கத்துக்கு வருகிறேன். தீவகம் படம் பார்த்தது மட்டுமில்லை, படத்துக்குக் கதையும் கொடுத்தது. 1972இல் அரசாங்கத் திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதி அதன் கைக்குப் போனது. தமிழ்நாட்டுப் படங்கள் முன்னைப்போல வந்து குவியவில்லை; பழைய எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களே திரும்பத் திரும்ப ஓடின. அந்த இடைவெளியில் இலங்கைத் தமிழ்ப் படங்கள் கொஞ்சம் மூச்சு விட்டன. 1975இல் 'புதிய காற்று', 1976இல் 'கோமாளிகள்', 1977இல் 'பொன்மணி', 1978இல் 'வாடைக்காற்று'.

'பொன்மணி' ஊர்காவற்றுறைக்காரரின் படம். காவலூர் ராசதுரை, பெயரிலேயே ஊரை வைத்துக்கொண்டவர், நல்ல சிறுகதை ஆசிரியர், அதன் பின்னால் நின்றார். இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. சிங்கள சினிமாவில் புதுவழி வெட்டியவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள்ளேயே வைத்துக் காட்டிய படம். பாட்டும் சண்டையும் எதிர்பார்த்துப் போன சனம் அதை ஏற்கவில்லை, படம் ஓடவில்லை. எனக்கு இதில் இன்றைக்கும் ஆறாத வருத்தம் உண்டு. எங்கள் முற்றத்தை, எங்கள் பேச்சை, எங்கள் பெண்களின் மௌனத்தை முதன்முதலாக அப்படிப் பெரிதாகக் காட்டிய படத்தை எங்கள் ஊரே திரும்பிப் பார்க்கவில்லை. அதை எடுத்தவர்களுக்கு அடுத்த படம் எடுக்கும் தெம்பை நாங்கள் கொடுத்திருக்க வேண்டும்.

'வாடைக்காற்று' செங்கை ஆழியானின் நாவல். களம் நெடுந்தீவு. வாடை பெயர்ந்ததும் வேற்றூர் மீனவர் வந்து கரையில் வாடி போட்டுத் தொழில் செய்வது, அந்தக் கரையில் அவர்களுக்கும் ஊர்ப் பெண்களுக்கும் நேர்வது. பிரேம்நாத் மொறாயஸ் அதைப் படமாக்கினார். நெடுந்தீவின் கதையைத் தியேட்டரில் பார்க்க நெடுந்தீவார் வள்ளம் ஏறிப் பட்டினத்துக்குப் போய், இராத் தங்கி வர வேண்டியிருந்தது. கல் வேலிக்கும் பெருக்கமரத்துக்கும் பக்கத்தில் ஒரு துணி கட்டி அந்தப் படத்தை அங்கே காட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை, நல்ல பிரதி கிடைத்தால். பிரதி கிடைப்பதுதான் பிரச்சினை. 1983 ஜூலைக் கலவரத்தில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவை ஹெந்தளையில் எரித்தார்கள். தமிழர் ஒருவர் கட்டியெழுப்பிய நிறுவனம். சிங்களப் படங்களும் அங்கே பிறந்தன. அந்தத் தீயில் போன படச்சுருள்கள் போனதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை விரித்துப் பேச இது மேடையில்லை, விட்டுவிட்டுப் போகவும் ஏலாது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினிப் படகில் பயணிகள் கொல்லப்பட்டது இந்த மண்டபத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். கதை சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்த அதே கடல். அதற்குப் பிறகு படம் பார்க்கக் கடல் தாண்டுவது என்ற பேச்சே எழவில்லை.

சினிமா அப்போது வீடியோ டெக்கின் வடிவில் எங்களைத் தேடி வந்தது. ரீவி ஒன்று, டெக் ஒன்று, ஜெனரேட்டர் ஒன்று, கசெற் மூன்று, எல்லாம் வாடகை. சாக்குச் சுற்றி வள்ளத்தில் இறக்குவார்கள். முற்றத்தில் ஓலைப்பாய் விரித்து விடிய விடிய மூன்று படம். நாட்டுக்கூத்துக்கு விடிய விடிய இருந்து பழகிய சனம்தானே, நித்திரை ஒரு பொருட்டில்லை. அந்த இரவுகளில்தான் பல பெண்கள் முதன்முதலாக ஒரு படத்தை முடிவு வரைக்கும் பார்த்தார்கள். 1990, 1991இல் தீவகத்தில் பெரும்பாலானோர் இடம்பெயர்ந்தார்கள். வீடுகள் வெறுமையாயின. பட்டினத்தில் ரீகல் போரில் அழிந்தது. வேறு சில தியேட்டர்கள் கடையாகவும் காரியாலயமாகவும் மாறின.

தீவகம் படத்துக்கு நடிகரையும் கொடுத்தது. அல்லைப்பிட்டி பஸ் வழியில் வருகிற ஊர் என்று முன்னுக்குச் சொன்னேன். அந்த ஊரில் பிறந்த அன்ரனிதாசன், ஷோபாசக்தி என்ற பெயரில் எழுதுகிறவர், 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' படத்தின் கதாநாயகன். இயக்குநர் பிரெஞ்சுக்காரர் ஜாக் ஓதியார். படத்தின் பெரும்பகுதி தமிழில் பேசுகிறது. பிள்ளைகளே, இதை உங்கள் பாடப் புத்தகம் சொல்லாது, நான் சொல்லுகிறேன், எழுதி வையுங்கள்.

இனி உங்களிடம் ஒரு வேலை. வீட்டில் எழுபது கடந்தவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் எத்தனை படம் பார்த்தீர்கள் என்று கேட்காதீர்கள். எந்த வள்ளத்தில் போனீர்கள், எந்தத் தியேட்டர், யார் கூட்டிக்கொண்டு போனது, எந்தக் கட்டத்தில் எழும்பி வந்தீர்கள், மிச்சக் கதையை யார் சொன்னது என்று கேளுங்கள். சொல்லுகிறபடியே, சொல்லுகிற பேச்சிலேயே கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். அவர்கள் சொல்லும் முடிவு படத்தில் உள்ள முடிவோடு ஒத்துவராவிட்டால் திருத்த வேண்டாம். பழைய பாட்டுப் புத்தகம், தியேட்டர் நோட்டீஸ், கிழிந்த டிக்கெற் எது இருந்தாலும் இந்த வாசிகசாலைக்குக் கொண்டு வாருங்கள். படம் பிடித்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். வெளிநாட்டில் இருக்கிற மாமன்மார், மாமிமாரிடமும் தொலைபேசியில் கேளுங்கள், அங்கே கதைக்க அவர்களுக்கு ஆள் இல்லை, சந்தோசமாகச் சொல்லுவார்கள். நெடுந்தீவிலிருந்து வந்திருக்கிற ஆசிரியர்கள் இந்தக் கேள்விகளை அங்கேயும் கொண்டு போக வேண்டும். உங்களுக்கு வள்ளத்துக்கு நேரமாகிவிட்டது என்று தெரியும், அதனால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.